புளியங்கன்றை இருட்டில் வைத்து அதன் உள்கடிகாரத்தைப் பார்ப்பது எப்படி

பொழுது சாய்ந்தால் புளிய இலை மூடிக்கொள்ளும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெளிச்சம் போனதால் மூடுகிறதா, இல்லை வெளிச்சம் போகப்போகும் நேரம் அதற்கு உள்ளுக்குள்ளேயே தெரியுமா என்பதுதான் கேள்வி. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். செலவு ஒன்றும் பெரிதாக இல்லை, பொறுமைதான் வேண்டும்.

1729இல் பிரான்சைச் சேர்ந்த மேரான் என்ற வானியலாளர் செய்த சோதனைதான் இது. சூரியனைப் பார்த்தால் விரியும் ஒரு செடியை இருட்டுக்குள் வைத்தார். வெளிச்சமே படாமல் அது பகலில் விரிந்து இரவில் மூடிக்கொண்டிருந்தது. பாரிஸ் அறிவியல் கழகத்தில் இதை அறிவித்தவர் அவருடைய நண்பர் மார்ஷான். ஆனால் செடிக்குள் கடிகாரம் இருக்கிறது என்று மேரான் சொல்லவில்லை, சூரியனைப் பார்க்காமலே செடி எப்படியோ அதை உணர்கிறது என்றுதான் நினைத்தார்.

பள்ளிப் பிராஜெக்ட் என்றால் தொட்டாற்சிணுங்கியைத்தான் தேடுவார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். கதவைத் திறந்தால் சுருங்கும், காற்று பட்டால் சுருங்கும், அப்புறம் அது நேரம் பார்த்து மூடியதா, அதிர்வில் மூடியதா என்று யார் சொல்வது? புளியங்கொட்டையை ஓர் இரவு ஊறவைத்து மூன்று தொட்டிகளில் விதையுங்கள். நாலைந்து இலை விட்டதும் வேலையைத் தொடங்கலாம். ஒரே கன்றை வைத்துக்கொண்டு முடிவு சொல்லாதீர்கள்.

முதல் ஒரு வாரம் மூன்றும் ஜன்னலோரம், ஒரே இடத்தில். தினமும் இலை மடங்கத் தொடங்கும் நேரத்தையும் காலையில் விரியும் நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள், இந்தக் கணக்கு இல்லாவிட்டால் பின்னால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒரு நாள் மாலை இலைகள் மடங்கியபின் இரண்டு தொட்டிகளை நன்றாகத் தண்ணீர் ஊற்றி அலமாரிக்குள் வையுங்கள், மூன்றாவது தொட்டி ஜன்னலிலேயே இருக்கட்டும். நீங்களே ஒருமுறை தலையை உள்ளே விட்டுப் பாருங்கள், இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் கறுப்புத் துணியோ டேப்போ வைத்து அடையுங்கள். இரவில் மட்டும் ஏசி ஓடும் அறை கூடாது. சூடும் குளிர்ச்சியும் தினம் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டிருந்தால் செடி அதை வைத்தே நேரம் குறித்துக்கொள்ளும்.

அடுத்தது, எட்டிப் பார்ப்பது. சோதனை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஜெர்மனியில் ரோஸ் ஸ்டொப்பல் என்ற ஆய்வாளர் இருட்டறையில் வளர்த்த பீன்ஸ் செடிகள் தினமும் ஒரே நேரத்தில் இலையை அசைத்தன. வெளியிலிருந்து ஏதோ தெரியாத சக்தி வருகிறது என்று அவர் நினைத்தார். தண்ணீர் ஊற்றப் போகும்போது பிடித்துக்கொண்டு போன மங்கலான சிவப்பு விளக்குதான் அந்தச் சக்தி என்று பியூனிங், ஸ்டெர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதை நீக்கியதும் செடிகளின் சுற்று 25.4 மணி நேரமாகி, தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவியது. ஆகவே சிவப்பு டார்ச் கூடாது. பச்சை செலோஃபேன் தாள் சுற்றிய மங்கலான டார்ச்சில் சில நொடிகள் மட்டும் பாருங்கள், அதையும் தினம் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். இருட்டிலும் பார்க்கும் வைஃபை கேமரா இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, அதன் விளக்கு சிவப்பாக மினுங்காத வகையாக இருக்கட்டும்.

மறுநாள் காலை, விடியல் என்பதே இல்லாத அந்த அலமாரிக்குள் இலைகள் விரிந்திருக்கும். இரண்டாம் நாளும் விரியும், ஆனால் அரைகுறையாக. அதற்குமேல் இருட்டில் செடிக்குச் சாப்பாடு கிடையாது, அசைவு மங்கிவிடும்.

நாள்கணக்கில் பார்க்கவேண்டுமென்றால் இருட்டுக்குப் பதில் இரவும் பகலும் அணையாத மங்கலான எல்இடி விளக்கு போடுங்கள், பழைய ஃபோனில் டைம்லாப்ஸும் எடுக்கலாம். 1832இல் டி கண்டோல் என்ற தாவரவியலாளர் தொட்டாற்சிணுங்கியை இப்படி இடைவிடாத விளக்கொளியில் வைத்தபோது அதன் நாள் 22, 23 மணி நேரமாகச் சுருங்கியது, அதாவது தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகவே தூங்கப்போனது. உங்கள் கன்று மடங்கும் நேரத்தைத் தினம் குறித்து, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுங்கள். 24 மணியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதுதான் இந்தச் சோதனையின் பலன். வெளியிலிருந்து ஏதாவது தூண்டிக்கொண்டிருந்தால் சரியாக 24 வந்திருக்கும். விலகல் இருக்கிறது என்றால் கடிகாரம் உள்ளே இருக்கிறது, சூரியன் தினமும் அதைச் சரிசெய்து விடுகிறது, அவ்வளவுதான்.

இலை அசைவது தண்ணீரால். காம்பின் அடியில் இருக்கும் சிறு புடைப்பில் ஒருபக்கச் செல்களுக்குள் பொட்டாசியம் போக, பின்னாலேயே தண்ணீரும் போய் அவை உப்பும், எதிர்ப்பக்கம் சுருங்கும். அதை ஏவும் கடிகாரம் மரபணுக்களில் இருக்கிறது: ஒரு மரபணு புரதத்தை உண்டாக்கும், புரதம் சேர்ந்ததும் அதே மரபணுவை அடக்கும், புரதம் சிதைந்ததும் மறுபடி தொடங்கும். செடியில் இருக்கும் மரபணுக்கள் வேறு, ஈயில் இருப்பவை வேறு, ஆனால் இந்தச் சுற்று ஒன்றுதான். 1971இல் கொனோப்கா, பென்சர் என்ற ஆய்வாளர்கள் பழ ஈக்களில் ஒரே மரபணுவில் வந்த மாற்றத்தால் 19 மணி நேர நாள், 28 மணி நேர நாள், நாளே இல்லாத ஈ என்று மூன்று வகையைக் காட்டினார்கள். அந்த மரபணுவின் வேலையைப் பிரித்துச் சொன்ன ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

நேரத்தைத் திருத்துவது வெளிச்சம் மட்டுமல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சந்திரசேகரன் என்ற உயிரியலாளரும் அவர் மாணவர்களும் குகையின் இருட்டில் அடைத்துவைத்த வௌவால்கள், தினமும் வெளியே பறந்துபோய்த் திரும்பும் தம் இனத்தோடு சேர்ந்து நேரம் தவறாமல் இருந்ததைக் கண்டார்கள்.

ஆசை இருந்தால் இன்னொன்றும் செய்யலாம், இரவில் விளக்கு, பகலில் இருட்டு. இதையும் டி கண்டோல் செய்தார். செடி உடனே மாறாது, சில நாள் தடுமாறி அப்புறம்தான் புது நேரத்துக்கு வரும். நைட் ஷிஃப்ட்டுக்கு மாறிய முதல் வாரத்தில் உடம்பு படுத்தும்பாடு இதே வகைதான்.

மூன்றாம் நாள் இலைகள் பாதி மூடியபடியே நின்றுவிட்டால் கடிகாரம் நின்றுவிட்டதாக எழுதிவிடாதீர்கள், செடிக்குப் பசி. வெளியே எடுத்து இரண்டு நாள் நிழலில் வைத்து, அப்புறம் வெயிலுக்குக் கொண்டுபோங்கள். அடுத்த முறை விளக்கு வைத்தே தொடங்குங்கள்.