மணிக்கட்டுப் பிடி கழன்ற விதம்

கராத்தே பள்ளியில் பெரியவர்களுக்கான தற்காப்பு வகுப்பு. குத்து, உதை எல்லாம் ஓரளவு வந்துவிட்டது. மணிக்கட்டுப் பிடியை விடுவிப்பதுதான் படுத்தி எடுத்தது. எனக்கு ஜோடியாக வந்தவர் ஜிம்மில் பளு தூக்குகிறவர். பிடித்தால் உடும்புப் பிடி. பின்னால் இழுக்க இழுக்க எனக்குத் தோள்தான் வலித்தது.

மாஸ்டர் என் ஜோடியின் கையைக் காட்டினார். நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் மட்டும் எதிர்ப்பக்கம். இரண்டின் நுனியும் சந்திக்கும் இடத்தில்தான் பிடி பலவீனம். என் மணிக்கட்டின் ஒடுங்கிய ஓரம் அந்த இடைவெளிக்கு நேராக வரும்படி கையைத் திருப்பினேன். அப்புறம் பின்வாங்காமல் ஓர் அடி முன்னே வைத்து, என் முழங்கையை அவர் முழங்கையை நோக்கித் தள்ளினேன். இழுப்பதே இல்லை, நெம்புவதுதான். பிடி சட்டென்று விட்டுப்போனது.

அவர் இரண்டு கையாலும் பிடித்தால், பிடிபட்ட கையை முஷ்டியாக்கி, மறுகையால் அதைப் பற்றி மேலே வாங்க வேண்டும். விடுபட்டதும் கத்திக்கொண்டே விலகி ஓட வேண்டும். வகுப்பில் பலரும் கூச்சப்பட்டு விட்டுவிடுவது இந்தக் கத்தலைத்தான்.

பயிற்சியில் வாட்ச், வளையலைக் கழற்றச் சொல்வார்கள், காயம்படக் கூடாதென்று. சரிதான். ஆனால் தெருவில் யார் அதற்கு அவகாசம் தருவார்கள்? மாஸ்டரிடம் கேட்டுவிட்டு, பழைய வாட்சைக் கட்டிக்கொண்டு மெதுவாகச் செய்து பார்த்தேன். வாட்ச் வார் ஜோடியின் விரலில் சிக்குகிறது. திருப்பும்போது கொஞ்சம் கூடுதலாகத் திருப்ப வேண்டியிருக்கிறது.