கிளவுட் நெட்வொர்க்கிங்: புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள் போட்டுக் கொண்டுவரும் டிசைன் படங்களைப் பார்த்துத் திருத்துவது இப்போது என் வேலையில் ஒரு பங்கு. ஆள் மாறுகிறார், காலேஜ் மாறுகிறது, படம் மட்டும் மாறுவதில்லை. ஒரு காலத்தில் நானும் என் சீனியர்களிடம் அதே படத்தைத்தான் நீட்டினேன் என்பதால் முழுசாகத் திட்டவும் வாய் வருவதில்லை.

டம்ப் (வெளியே கசிந்த தேர்வுக் கேள்விகள்) மனப்பாடம் செய்யாதீர்கள், ஆக்சஸ் கீயை கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள், ரூட் அக்கவுன்ட்டில் அன்றாட வேலை பார்க்காதீர்கள் என்பதையெல்லாம் யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லியாயிற்று. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூன்று கிளவுடிலும் நுழைவுநிலைத் தேர்வு எழுதி அடுக்குவது

ஏடபிள்யூஎஸ், அஜூர், கூகுள் மூன்றிலும் ஆரம்பத் தேர்வை முடித்து லிங்க்ட்இன்னில் பேட்ஜ் மாட்டியிருப்பார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே பாடம், பெயர்கள்தான் வேறு. ஒரு கிளவுடில் ஆழம், கூடவே சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்) அளவுக்கு ரூட்டிங், ஸ்விட்சிங். முதல் சில வருஷங்களுக்கு இது தாராளமாகப் போதும். சிசிஎன்ஏவும் ஏடபிள்யூஎஸ் சான்றிதழ்களும் 3 வருஷத்தில் காலாவதியாகிவிடும். மைக்ரோசாஃப்டின் அசோசியேட் நிலைச் சான்றிதழை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும், இலவசம்தான் என்றாலும். நிறைய வாங்கி வைத்தால் அவற்றைக் காப்பாற்றுவதிலேயே ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும்.

எதற்கெடுத்தாலும் 10.0.0.0/16

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எந்த டுடோரியலைத் திறந்தாலும் முதல் படி, 10.0.0.0/16 என்று ஒரு விபிசி (கிளவுடில் நமக்கான தனி நெட்வொர்க்) உருவாக்குவது. 10.0 என்று தொடங்கும் எல்லா ஐபி முகவரிகளும் அதில் அடக்கம்; சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் கூடக் கூடத் தொகுதி சிறிதாகும். அஜூர் போர்ட்டலில் புது விநெட் (அங்கே விபிசிக்கு அதுதான் பெயர்) போடப் போனால் அதுவே அந்த எண்ணை நிரப்பிக் கொடுக்கும். லேபில் ஒரு தப்பும் இல்லை. அங்கே உங்கள் விபிசி தனியாக இருக்கிறது, யாரோடும் பேச வேண்டியதில்லை. ஆனால் கம்பெனியில் தனியாக இருக்கும் நெட்வொர்க் என்று ஒன்று கிடையவே கிடையாது. இன்றைக்குத் தனியாக இருப்பது அடுத்த வருஷம் டேட்டா சென்டரோடோ, இன்னொரு டீமின் விபிசியோடோ, புதிதாக வாங்கிய கம்பெனியோடோ பேசியே ஆக வேண்டும். அன்றைக்கு இரண்டு பக்கமும் ஒரே எண்கள் இருந்தால் கதை முடிந்தது. சென்னையில் பழைய எண், புது எண் இரண்டையும் எழுதினால் கூரியர்காரர் எப்படியாவது வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். ரூட்டருக்கு அந்த வசதி இல்லை.

ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தில் இதை முழுசாகப் பார்த்தேன். அங்கே ஒவ்வொரு டீமுக்கும் தனி ஏடபிள்யூஎஸ் அக்கவுன்ட், ஒவ்வொன்றிலும் ஒரு 10.0.0.0/16. எல்லாம் இன்டர்நெட் வழியாகவே பேசிக்கொண்டிருந்ததால் வருஷக்கணக்கில் யாருக்கும் உறைக்கவில்லை. அப்புறம் மேலிடத்தில் ஒரு முடிவெடுத்தார்கள்: எல்லா அக்கவுன்ட்டையும் டைரக்ட் கனெக்ட் (ஏடபிள்யூஎஸ்ஸுக்குப் போகும் தனி லைன்) வழியாக டேட்டா சென்டரோடு இணைத்து, லாகின் எல்லாம் அங்கிருக்கும் ஆக்டிவ் டைரக்டரி (மைக்ரோசாஃப்டின் பயனர் கணக்கு அமைப்பு) மூலம் நடக்கட்டும் என்று. டேட்டா சென்டரில் அதை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் முகவரி 10.0.5.20. விபிசியில் இருந்த அப்ளிகேஷன் சர்வர் 10.0.12.40.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாற்றத்தைச் செய்தார்கள், லாகின் ஆகவில்லை. ஃபயர்வால் டீமைக் கூப்பிட்டார்கள். அவர்கள் லாகைத் தேடிவிட்டு, "எங்களுக்கு பாக்கெட்டே வரவில்லை" என்றார்கள். விபிசியின் போக்குவரத்துப் பதிவான ஃப்ளோ லாகைத் திறந்தால் சர்வரிலிருந்து கிளம்பியதற்கு அனுமதி என்று பதிவாகியிருந்தது, பதில் மட்டும் இல்லை. செக்யூரிட்டி குரூப்பைத் திறந்துவிட்டார்கள், என்ஏசிஎல்லைத் திறந்துவிட்டார்கள் (இரண்டும் ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபயர்வால் விதிகள்), டைரக்ட் கனெக்ட் கொடுத்தவரிடம் டிக்கெட் போட்டார்கள். ரூட் டேபிளின் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலின்) முதல் வரியை மட்டும் யாரும் பார்க்கவில்லை. 10.0.0.0/16, டார்கெட்: லோக்கல். விபிசிக்கு அந்த முகவரி தன் வீட்டுக்குள்ளேயே இருப்பது. அதனால் 10.0.5.20-ஐத் தேடிப் புறப்பட்ட பாக்கெட் விபிசியை விட்டு வெளியே வரவே இல்லை. எல்லா டீமும் சேர்ந்து பேசும் பிரிட்ஜ் காலில் ராத்திரி முழுக்க ஃபயர்வால்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

காரணம் தெரிந்த பிறகுதான் உண்மையான செலவே ஆரம்பமாகிறது. விபிசியின் முதன்மை முகவரித் தொகுதியை உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது. கூடுதலாக இன்னொரு தொகுதியைச் சேர்க்கலாம், பழையது அப்படியே உட்கார்ந்திருக்கும். முகவரிகள் மோதும் இரண்டு விபிசிக்கு நடுவில் பியரிங் (நேரடி இணைப்பு) கேட்டால் ஏடபிள்யூஎஸ் மறுத்துவிடும். பல விபிசிகளைச் சேர்க்கும் மையமான டிரான்சிட் கேட்வேயில் இரண்டையும் இணைக்கலாம், ஆனால் இரண்டாவதாக வந்ததன் ரூட் அதே டேபிளில் ஏறாது. பிரைவேட் என்ஏடி (நடுவழியில் முகவரியை மாற்றி அனுப்புவது), பிரைவேட்லிங்க் என்று ஒட்டுப்போடும் வழிகள் உண்டு. ஒரே ஒரு சேவையை மட்டும் காட்டினால் போதும் என்றால் பிரைவேட்லிங்க் நல்ல வழியும்கூட. ஆக்டிவ் டைரக்டரியை என்ஏடிக்குப் பின்னால் வைத்தால் தலைவலிதான். மைக்ரோசாஃப்டே அதைப் பரிந்துரைப்பதில்லை. தவிர, என்ஏடி வந்துவிட்டால் லாகில் யார் எங்கிருந்து வந்தார் என்பது மறைந்துவிடும், ஆடிட்காரர் அங்கேயே பிடிப்பார்.

கடைசியில் அவர்கள் செய்தது, புது விபிசி கட்டி ஒவ்வொரு அப்ளிகேஷனாகக் குடிபெயர்த்தது. கான்ஃபிக் ஃபைலில் ஐபியை நேரடியாக எழுதி வைத்த புண்ணியவான்களை அப்போதுதான் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள். பார்ட்னர் கம்பெனிகளின் அனுமதிப் பட்டியலில் பழைய முகவரி, லைசன்ஸ் சர்வரில் பழைய முகவரி, மானிட்டரிங்கில் பழைய முகவரி. மாதக்கணக்கில் சனி, ஞாயிறுகள் போயின. ஆரம்பத்திலேயே ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்து பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். இன்றைக்கும் புது டிசைனில் அந்த எண்ணைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

"அண்ணா, டென் டாட்டில் ஒரு கோடிக்கு மேல் அட்ரஸ் இருக்கே, ஏன் கஞ்சத்தனம்?" என்று ஒரு தம்பி கேட்டான். கணக்கு சரிதான். 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இன்டர்நெட் ஆவணம் தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய மூன்று தொகுதிகளில் 10.0.0.0/8 தான் பெரியது, 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் முகவரிகள். ஆனால் அதை /16 /16 ஆக வெட்டினால் மொத்தம் 256 துண்டுதான். பெரிய கம்பெனியில் கிளை அலுவலகம், டேட்டா சென்டர், விபிஎன் பூல், தொழிற்சாலை என்று பாதி ஏற்கெனவே போயிருக்கும். பத்துப் பன்னிரண்டு சர்வர் ஓடும் அப்ளிகேஷனுக்கு அதில் ஒரு முழுத் துண்டை எடுத்துக்கொள்வது ஊதாரித்தனம்.

இதைச் சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் ஓடிவிடுவார்கள், எல்லா சப்நெட்டும் (விபிசிக்குள் வெட்டும் சிறு துண்டு) /27, /28 என்று. அதுவும் கவிழ்க்கும். ஏடபிள்யூஎஸ் ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரிகளைத் தனக்கென எடுத்துக்கொள்ளும், /28-ல் உங்களுக்கு மிஞ்சுவது 11. அதன் மேல் இகேஎஸ் (ஏடபிள்யூஎஸ்ஸின் குபர்நெட்டிஸ் சேவை) போட்டால் சோலி முடிந்தது. அதன் இயல்பான அமைப்பில் ஒவ்வொரு பாடும் (pod, அப்ளிகேஷன் ஓடும் சிறு அலகு) விபிசியிலிருந்தே ஒரு முகவரி வாங்கும். ட்ராஃபிக் ஏறும் நேரத்தில் பாடுகள் முகவரி கிடைக்காமல் தொங்கிக்கொண்டிருக்கும். இதற்காகவே பலர் 100.64.0.0/10-லிருந்து ஒரு தொகுதியைக் கூடுதலாகச் சேர்த்துப் பாடுகளுக்குக் கொடுக்கிறார்கள். இன்டர்நெட் சேவை நிறுவனங்களின் பயன்பாட்டுக்கென 2012-ல் ஒதுக்கப்பட்ட தொகுதி அது. கன்டெய்னர் ஓட்டும் டாக்கரும் ஒரு பொறி: சொல்லாமலே 172.17.0.0/16-ஐ எடுத்துக்கொள்ளும். உங்கள் அலுவலக நெட்வொர்க்கும் 172.17-ல் இருந்தால், டாக்கர் போட்ட மெஷினிலிருந்து அலுவலகத்தை எட்டவே முடியாது.

சரி, எப்படிச் செய்வது? எண்ணைத் தொடுவதற்கு முன்னால், இது நாளைக்கு எவற்றோடெல்லாம் பேச வேண்டியிருக்கும் என்று கேளுங்கள். அடுத்து, ஏற்கெனவே எது எங்கே போயிருக்கிறது என்ற பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் இல்லை என்றால் (பெரும்பாலும் இருக்காது) அதை உருவாக்குவதே உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும். இந்தப் பட்டியலை வைத்துக்கொள்ள உதவும் நெட்பாக்ஸ் ஓபன் சோர்ஸ், உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும். ஏடபிள்யூஎஸ்ஸிலும் அதற்கு ஐபேம் உண்டு. அப்புறம் ரீஜன்வாரியாகப் பெரிய துண்டுகளாக ஒதுக்குங்கள். மும்பைக்கு 10.32.0.0/12, ஹைதராபாத்துக்கு 10.48.0.0/12 என்பதுபோல. சிசிஎன்ஏ படிக்கும்போது கொட்டாவி விட்ட ரூட் சம்மரைசேஷன் (பல ரூட்டை ஒன்றாகச் சுருக்குவது) இங்கேதான் கைகொடுக்கும். டைரக்ட் கனெக்ட்டின் பிரைவேட் விஐஎஃப் (அந்த லைனுக்குள் விபிசிக்குப் போகும் இணைப்பு) ஒன்றில் உங்கள் பக்கத்திலிருந்து 100 ரூட்டுக்கு மேல் அறிவித்தால், மிச்சத்தை மட்டும் ஒதுக்கிவிட்டுப் போகாது. ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி செஷனே விழுந்துவிடும். ஒழுங்காக அடுக்கிய முகவரிகள் நாலைந்து ரூட்டில் அடங்கிவிடும்.

இன்டர்வியூவில் நான் கேட்கும் கேள்வியும் இதுதான். இரண்டு டேட்டா சென்டர், நாற்பது கிளைகள், இரண்டு ரீஜன், அடுத்த வருஷம் ஒரு கம்பெனியை வாங்கப் போகிறார்கள், முகவரித் திட்டம் போடுங்கள் என்பேன். பேட்ஜ் நிறைய வைத்திருப்பவர்கள் உடனே போர்டில் 10.0.0.0/16 எழுதுவார்கள். "இப்போ என்ன ரேஞ்ச் சார் யூஸ்ல இருக்கு?" என்று திருப்பிக் கேட்கிறவருக்கு சர்டிஃபிகேட்டே இல்லையென்றாலும் அடுத்த ரவுண்டு நிச்சயம்.

பிங் போகிறது, எனவே நெட்வொர்க் சரி

சரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. விபிசிக்குள் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9001 பைட் வரை போகும், இன்டர்நெட் பக்கம் 1500, ஐபிசெக் விபிஎன் டன்னலுக்குள் அதைவிடக் குறைவு. நடுவில் யாராவது ஐசிஎம்பியில் பிங்கை மட்டும் விட்டுவிட்டு, "பாக்கெட் பெரிது" என்று திருப்பிச் சொல்லும் செய்தியை அடைத்து வைத்திருந்தால், பிங் போகும், லாகின் ஆகும், பெரிய ஃபைலை அனுப்பினால் மட்டும் அப்படியே நின்றுவிடும். துண்டாக்கக் கூடாது என்ற டிஎஃப் பிட்டை வைத்து 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். ஹெடர் 28 பைட் சேர்த்தால் 1500. போகாவிட்டால் போகும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். லேபை நன்றாக ஓட வைப்பதோடு நிறுத்தாமல் இப்படி வேண்டுமென்றே கெடுத்து, பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் அது எப்படித் தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், பிரிட்ஜ் காலில் நீங்கள் பேசும்போது மற்றவர்கள் தங்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்பார்கள்.

டிஎன்எஸ் அடுத்த டீமின் வேலை

2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் ஆறு மணி நேரம் போல முடங்கியது ஞாபகம் இருக்கும். பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை டேட்டா சென்டர்களை இணைக்கும் அவர்களுடைய பேக்போனைத் துண்டித்தது. டேட்டா சென்டரை எட்ட முடியாத டிஎன்எஸ் சர்வர்கள் (பெயரைக் கேட்டால் ஐபி முகவரி சொல்பவை), தங்களுக்கான பிஜிபி அறிவிப்பைத் தாங்களே விலக்கிக்கொண்டன. சர்வர்கள் உயிரோடுதான் இருந்தன, பெயரைக் கேட்டால் வழி சொல்லத்தான் ஆள் இல்லை. 2025 அக்டோபரில் ஏடபிள்யூஎஸ்ஸின் விர்ஜீனியா ரீஜன் படுத்ததும் அதன் டேட்டாபேஸ் சேவையான டைனமோடிபியின் டிஎன்எஸ் பதிவு காலியாகிப் போனதில்தான் தொடங்கியது. ரூட் 53 ரிசால்வர் (ஏடபிள்யூஎஸ்ஸின் டிஎன்எஸ்), கண்டிஷனல் ஃபார்வர்டிங் (சில பெயர்களை மட்டும் வேறு சர்வரிடம் கேட்பது), பிரைவேட் ஸோன் (உள்ளே மட்டும் தெரியும் பெயர்கள்) மூன்றையும் கையால் செய்து பாருங்கள். டேட்டா சென்டரையும் கிளவுடையும் இணைக்கும் எந்த ப்ராஜெக்ட்டும் ரூட்டிங் முடிந்த மறுநாள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

பில் பார்க்காமல் லேப் செய்வது

என்ஏடி கேட்வே சும்மா இருந்தாலும் மணிக்கணக்கில் காசு. பட்ஜெட் அலர்ட் வையுங்கள்.

கன்சோலிலேயே குடியிருப்பது

நெட்வொர்க்கை கிளிக் செய்து கட்டாமல் கோடாக எழுதிக் கட்ட உதவும் டெராஃபார்ம் படியுங்கள். இதில் விவாதம் இல்லை.

எஸ்கலேட் செய்துவிட்டு மறந்துவிடுவது

ஓஎம்ஆரில் எத்தனையோ பேர் என்ஓசி (நெட்வொர்க் கண்காணிப்பு மையம்) நைட் ஷிஃப்டில்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. அலாரம் வந்தது, எஸ்ஓபி (செய்முறைக் குறிப்பு) பார்த்தேன், எல்2-வுக்கு (அடுத்த நிலை இன்ஜினியருக்கு) அனுப்பினேன், அடுத்த டிக்கெட் என்று வருஷங்களை ஓட்டுவதில்தான் குறை. அனுப்பிய டிக்கெட்டை மறுநாள் திறந்து எல்2 என்ன கட்டளை கொடுத்தார், எதைப் பார்த்து முடிவுக்கு வந்தார் என்று படியுங்கள். புரியாவிட்டால் அவரையே கேளுங்கள். நல்ல நேரம் பார்த்துக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். கோளாறின் மூலகாரணத்தை அலசும் ஆர்சிஏ மீட்டிங்கில் மியூட்டில் உட்காரவாவது அனுமதி வாங்குங்கள்.

சேஞ்ச் டிக்கெட்டை யாரோ எழுதட்டும் என்று விடுவது

ஆங்கிலம் தடுமாறும் என்று கெட்டிக்காரப் பையன்களும் பெண்களும் ஒதுங்கிக்கொள்வது இங்கேதான். சேஞ்ச் டிக்கெட்டுக்கு இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. எந்த டிவைஸ், என்ன மாற்றம், சரியாக நடந்தது என்று எதை வைத்துத் தெரியும், நடக்காவிட்டால் எந்த நிமிஷத்தில் திரும்புவோம், இவ்வளவுதான். அதை எழுதுகிறவர் பெயர்தான் அப்ரூவல் கூட்டத்தில் மேனேஜர்கள் காதில் விழும். ரோல்பேக்கில் "பழைய கான்ஃபிக்கை மீண்டும் போடுவோம்" என்று மட்டும் எழுதாதீர்கள். தொலைவிலிருக்கும் ரூட்டரில் கை வைத்து இணைப்பே போய்விட்டால் யார் போடுவது? சிஸ்கோவில் வேலையைத் தொடங்கும் முன் பத்து நிமிஷத்தில் ரீலோட் ஆகும்படி வைத்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தால் அதை ரத்து செய்துவிட்டு, அதன் பிறகே கான்ஃபிக்கை சேவ் செய்வோம் என்று எழுதுங்கள். ஜூனிப்பரில் அதற்கு கமிட் கன்ஃபர்ம்டு இருக்கிறது, நிமிஷத்தைக் குறிப்பிடாவிட்டால் அதுவும் பத்துதான்.