இராப்பலகை செய்வோம்: மும்பைக் கடற்கரையில் துருவ நட்சத்திரத்தை அளக்கும் முறை

நாகப்பட்டினத்தில் பாய் விரித்த மரக்கலம் வங்கக் கடலைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்ப அதே துறைக்கு வந்து சேர்ந்தது எப்படி? நடுக்கடலில் தான் எங்கே இருக்கிறோம் என்பது மாலுமிக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. தன் துறைமுகத்தில் துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று தெரிந்தால் போதும். அந்த உயரத்தைக் கயிற்றில் ஒரு முடிச்சாகப் போட்டுக் கையோடு வைத்திருந்தார்கள். சோழமண்டலக் கரை மாலுமிகள் அந்தக் கருவியை இராப்பலகை என்றார்கள், அரபு மாலுமிகள் கமால் என்றார்கள். ஒரு பலகை, ஒரு கயிறு, அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் வீட்டிலேயே செய்துவிடலாம்.

பலகை

வளையாத கெட்டி அட்டையோ மெல்லிய பிளைவுட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் சரியாக 8 செ.மீ. இருக்க வேண்டும். அகலம் உங்கள் வசதி. நடுவில் துளை போட்டு, இழுத்தால் நீளாத பருத்திக் கயிற்றை 70 செ.மீ. அளவுக்குக் கோத்துப் பின்பக்கம் முடிந்துவிடுங்கள். நைலான் வேண்டாம், இழுக்க இழுக்க நீளும்.

முடிச்சுகள்

துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை. மும்பைக்கு 19 டிகிரி. பலகை கண்ணுக்கு அருகில் வந்தால் அதிக உயரத்தை மறைக்கும், தள்ளிப் போனால் குறைவாக மறைக்கும். 8 செ.மீ. பலகைக்குக் கணக்குப் போட்டால், பலகையிலிருந்து 24 செ.மீ. தள்ளி மும்பை முடிச்சு வரும். சென்னைக்கு 35, நாகப்பட்டினத்துக்கு 42.5, தூத்துக்குடிக்கு 52, கன்னியாகுமரிக்கு 57. தாராவியிலும் செம்பூரிலும் இருக்கும் நம்மவர்கள் அவரவர் ஊருக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொள்ளலாம். பலகை உயரத்தில் பாதியான 4 செ.மீ.யை, அட்சரேகையில் பாதியின் டேஞ்சன்ட் மதிப்பால் வகுத்தால் கயிற்று நீளம் கிடைத்துவிடும்.

பழைய மாலுமிகளுக்கு இந்தக் கணக்கே தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். துறைமுகத்தில் நின்று, நட்சத்திரத்தை நேரில் பார்த்து, அங்கேயே முடிச்சைப் போட்டுவிடலாம். கயிற்றைப் பல்லில் கடித்துப் பிடிப்பது அவர்கள் வழக்கம். நமக்குக் கணக்கு ஒத்துவர வேண்டுமே, அதனால் கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் வைத்துப் பிடியுங்கள்.

எங்கே, எப்போது

வடக்கே பார்த்தால் தண்ணீர் தெரிகிற இடம் வேண்டும். நரிமன் பாயிண்ட் முனையில் நின்றால் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் கிர்காவ் சௌபாத்திக் கரை தெரியும். அந்தக் கரையின் தண்ணீர்க் கோட்டையே தொடுவானமாக வைத்துக்கொள்ளலாம், பெரிய பிழை வராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் விடாது. நவம்பரிலிருந்து மே வரை, நிலவில்லாத, புகைமூட்டம் குறைந்த இரவாகப் பாருங்கள்.

நட்சத்திரத்தைப் பிடிப்பது

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். துருவ நட்சத்திரம் வானத்திலேயே பிரகாசமானது என்று நினைத்துத் தேடுவார்கள். அது நடுத்தர ஒளிதான், மும்பை விளக்குகளுக்கு நடுவே இன்னும் மங்கல். மார்ச் முதல் மே வரை என்றால் சப்தரிஷி மண்டலத்தைப் பிடியுங்கள், கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்வார்களே, அதே கூட்டம். அதன் ஏழு நட்சத்திரங்களும் கரண்டி போலத் தெரியும். அந்தக் கரண்டியின் கிண்ணத்தில், காம்புக்கு எதிர்ப்பக்க ஓரத்து இரண்டு நட்சத்திரங்களையும் இணைத்து, கிண்ணத்தின் வாய்ப் பக்கமாக அந்த இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு கோட்டை நீட்டினால் துருவம். நவம்பர், டிசம்பர் என்றால் ஆங்கில எம் எழுத்துப்போல ஐந்து நட்சத்திரங்கள் வடக்கே தெரியும். அது காசியோபியா. அதற்குக் கீழே தனியாக நிற்பதைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மற்றவை நகர்ந்திருக்கும், துருவம் அங்கேயே இருக்கும்.

அளவு

ஒரு கண்ணை மூடிக் கயிற்றை விறைப்பாகப் பிடியுங்கள். பலகையின் கீழ் விளிம்பு தண்ணீர்க் கோட்டைத் தொடட்டும். மேல் விளிம்பு நட்சத்திரத்தைத் தொடும்வரை பலகையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தொட்டதும் கன்னத்தில் இருக்கும் இடத்தை நகத்தால் பிடித்துக்கொண்டு ஸ்கேலில் அளந்து பாருங்கள். 24க்குப் பக்கத்தில் வந்தால் சரி. ஒரு செ.மீ. தவறினால் கிட்டத்தட்ட 85 கிலோமீட்டர் வடக்கிலோ தெற்கிலோ இருப்பதாகக் காட்டும். துருவ நட்சத்திரமும் வடதுருவத்துக்கு நேர் மேலே இல்லை, இன்று அரை டிகிரிக்குச் சற்று அதிகமாக விலகியிருக்கிறது. 1500 வாக்கில் இந்த விலகல் சுமார் மூன்றரை டிகிரி. அதையும் சமாளித்துத்தான் அவர்கள் ஓட்டினார்கள்.

பலகை சொல்லாதது

சென்னைக்குப் போட்ட முடிச்சு பெங்களூருக்கும் அப்படியே பொருந்தும், இரண்டும் 13 டிகிரியில் இருப்பதால். கிழக்கு மேற்கு இதில் தெரியாது. அதனால் மாலுமி முதலில் தன் முடிச்சு ஒத்துவரும்வரை வடக்காகவோ தெற்காகவோ ஓட்டுவார். அப்புறம் திரும்பி, நட்சத்திரம் அந்த உயரம் மாறாமல் கரையை நோக்கிப் போவார். கரை நெருங்குகிறதா என்பதை நீரின் நிறம், பறவைகள், ஆழம் பார்க்கும் ஈயக்குண்டு எல்லாம் சொல்லும். நம் மேற்குக் கரைக்கு வந்த கிரேக்க வணிகர்கள் கடல் பாம்புகளைக் கண்டாலே கரை பக்கம் என்று அறிந்ததை 1ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பலகையையும் எடுத்துப் போங்கள். மண்டபத்தின் வடக்குக் கடற்கரையில் எதிரே பாக் நீரிணை, முழுத் தொடுவானம். அங்கே முடிச்சு 49 செ.மீ.யில் விழ வேண்டும்.