தைவான் கோடைப் பயணம்: "நாம் பார்க்காத வெயிலா, புயலா?"

சென்னையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ தைவானுக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு தலைப்பிலேயே இருக்கிறது. வெயிலும் புயலும் நமக்குப் பழகியவைதான். ஆனால் பழகியது நம்மூர் வெயில், நம்மூர் புயல்.

மாதக் கணக்கே வேறு. நமக்குப் புயல் என்றால் ஐப்பசி, கார்த்திகை. அங்கே ஆடி, ஆவணி. ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் உச்சம். அதற்குப் பிறகும் வரும், 2024 அக்டோபர் 31 அன்று கோங்-ரே புயல் கரையேறியதைப் போல. சரி, பள்ளி விடுமுறையில் மே மாதமே போய்விடலாம் என்று தோன்றும். மே நடுவிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை அங்கே 'பிளம் மழை' என்று ஒரு மழைக்காலம் உண்டு. விடாமல் நசநசக்கும். என்னைக் கேட்டால், ஏப்ரல் கடைசியில் டிக்கெட் போடுங்கள்.

ஜூலையில்தான் முடியும் என்றால் வெயிலைக் குறைவாக எடை போடாதீர்கள். தலைநகர் தைபேயில் 2020 ஜூலை 24 அன்று பதிவான 39.7 டிகிரிதான் அந்த நகரின் உச்சம். வேலூர்க்காரருக்குச் சிரிப்பு வரும். ஆனால் தைபே மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம். காற்று தேங்கும், வியர்வை காயாது, இரவிலும் புழுக்கம் இறங்காது. அதோடு, ஊரில் உச்சிவெயிலில் நாம் வெளியே தலைகாட்டுவதில்லை. சுற்றுலா போன இடத்தில்தான் காசு கொடுத்து வந்துவிட்டோமே என்று நாள் முழுக்க நடக்கிறோம். பத்து மணிக்குள் கோயில், தெரு எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மதியம் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுவது நல்லது. பிற்பகலில் இடி மழையும் அடிக்கடி பிடிக்கும். இன்னொன்று: தைபே மெட்ரோவுக்குள் தண்ணீர் குடிப்பதற்குக்கூட அபராதம் உண்டு. தாகத்தை வாசலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

புயலுக்கு வருவோம். நம்மூரில் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று பார்ப்போம். அங்கே வானிலைத் துறை இரண்டு எச்சரிக்கை விடுக்கும்: முதலில் கடலுக்கு, பிறகு தரைக்கு. கடல் எச்சரிக்கை வந்த அன்று தைபேயில் வானம் நீலமாகவே இருக்கலாம். அதைப் பார்த்து ஏமாந்துபோகிறவர்கள் நிறைய. படகுகள் நிற்பதும் விமானங்களின் நேரம் மாறுவதும் அப்போதே தொடங்கிவிடும். ஆர்க்கிட் தீவு, பசுமைத் தீவு போன்ற சின்னத் தீவுகளைப் பயணத்தின் கடைசியில் வைப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அலை பெரிதானால் படகு கிடையாது. திரும்பும் விமானமோ காத்திருக்காது. தீவுகளை முதலில் முடித்துவிட்டு, கடைசி இரண்டு நாளைத் தைபேயில் வையுங்கள்.

கிழக்கையும் மேற்கையும் ஒன்றாக நினைப்பது அடுத்த தவறு. அதிவேக ரயில் மேற்குச் சமவெளியில் மட்டும்தான், தைபேயிலிருந்து காவ்சியுங் வரை, சுமார் 350 கிலோமீட்டர். கிழக்கே ஹுவாலியன், தைதுங் பக்கம் மலையும் கடலும் ஒட்டி நிற்கின்றன. சாலையில் மண் சரிந்தால் சுற்றிப்போக வழி சுலபமில்லை. ஹுவாலியன் பக்கத்துத் தரோகோ பள்ளத்தாக்கு 2024 ஏப்ரல் நிலநடுக்கத்தில் பலமாகச் சேதமானது. பழைய படங்களை நம்பி அறை போடாமல், எந்தெந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு, "புயல்தான் கடந்துவிட்டதே" என்று மறுநாளே மலைக்குக் கிளம்புவது. புயல் போன பிறகும் அது இழுத்துவிட்ட தென்மேற்குக் காற்று தெற்கு மலைகளில் மழையைக் கொட்டிக்கொண்டே இருக்கும். 2009 ஆகஸ்டில் மொராகோட் புயலின்போது அலிஷான் மலைப் பகுதியில் சில நாட்களில் 2,700 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. சென்னைக்கு ஓராண்டில் கிடைப்பதே சுமார் 1,400 தான். சியாவ்லின் என்ற மலைக்கிராமம் மண்ணில் புதைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் புயலில் அறுந்த அலிஷான் மலை ரயில் மறுபடி முழுத் தடத்திலும் ஓடியது 2024 ஜூலையில்தான். மழை ஓய்ந்து மூன்று நான்கு நாளாவது போகட்டும், அப்புறம் மலை.

காப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் பாலிசி பெரும்பாலும் அந்தப் புயலுக்கு உதவாது. டிக்கெட் போடும் அன்றே எடுத்துவிடுங்கள்.

புயல் நாளில் விடுமுறையா இல்லையா என்பதை அந்தந்த நகர, மாவட்ட நிர்வாகமே அறிவிக்கும், பெரும்பாலும் முந்தின நாள் இரவில். பக்கத்து மாவட்டத்தில் விடுமுறை, இங்கே இல்லை என்பதும் நடக்கும். எனவே நீங்கள் தங்கியிருக்கும் ஊரின் அறிவிப்பைப் பாருங்கள். விடுமுறை என்றால் இரவுச் சந்தை, சுற்றுலா இடங்கள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். அறிவிப்பு வரும்வரை காத்திருந்து கடைக்குப் போனால் நூடுல்ஸ் அலமாரி காலியாக இருக்கும், சாயங்காலமே போய்விடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் இன்னும் சீக்கிரம்.