சோலார் வெந்நீருக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு

கார்த்திகை பிறந்ததும் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் சோலார் ஹீட்டர் விசாரிப்பு சூடுபிடிக்கும். தை முடிவதற்குள் மொட்டை மாடியில் ஏற்றியும் விடுவார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து அதே வீடுகளிலிருந்து ஒரே குறை: “வெயில் நல்லாத்தாங்க அடிக்குது, தண்ணிதான் சூடாகல.” மேலே ஏறிப் பார்த்தால், இந்தத் தொழிலில் ஊறியவர்கள் ஆரம்பத்தில் செய்து சூடுபட்டுக்கொண்ட அதே பிழைகள். மர நிழலில் வைக்காதீர்கள், கண்ணாடியைத் துடையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, காசைக் கரைக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

டிடிஎஸ் மீட்டரை நம்பி ஹீட்டர் வாங்குவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. விற்க வருபவர் பேனா அளவு மீட்டரைத் தண்ணீரில் முக்கி எடுத்து, “எண்ணூறுதாங்க காட்டுது, எது வேணும்னாலும் போடலாம்” என்கிறார். வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுகிறார். அந்த மீட்டர் சொல்வது தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மட்டும்தான். அது எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது.

டிடிஎஸ் 800 காட்டும் இரண்டு போர்வெல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பெரும்பகுதி சோடியம் உப்பு. அது சூடாக்கினாலும் தண்ணீரிலேயே கரைந்து கிடக்கும், குழாயை அடைக்காது. மற்றதில் கால்சியம் பைகார்பனேட். சூடு ஏற ஏற அது சிதைந்து, கரியமில வாயு பிரிந்து, சுண்ணாம்பாகப் படியும். 60 பாகை செல்சியசைத் தாண்டினால் படியும் வேகம் இன்னும் கூடும். மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். ஹீட்டருக்கோ ஒன்று நண்பன், மற்றது எமன்.

கேட்க வேண்டியவை மூன்று எண்கள்: மொத்தக் கடினத்தன்மை, மொத்தக் காரத்தன்மை, குளோரைடு. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தால் மூன்றும் வந்துவிடும். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விட்டு, கழுவிய பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசி, பிறகு பிடியுங்கள். மழைக்காலத் தண்ணீரைக் கொடுத்து ஏமாறாதீர்கள். பங்குனி, சித்திரையில் மட்டம் இறங்கியபோது எடுத்த மாதிரிதான் போரின் உண்மைக் குணத்தைக் காட்டும்.

முடிவு கையில் வந்ததும் கடினத்தன்மை, காரத்தன்மை இரண்டில் எது சிறியதோ அதைப் பாருங்கள். கொதிக்க வைத்தால் படியக்கூடிய ‘தற்காலிகக் கடினத்தன்மை’ ஏறக்குறைய அதுதான். குடிநீருக்கான இந்தியத் தரநிலை மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கிறது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. குடிக்க அனுமதித்த அளவு என்பதால் ஹீட்டருக்கும் ஆகும் என்று நினைத்துவிடக் கூடாது. 500 மி.கி. தற்காலிகக் கடினத்தன்மை உள்ள தண்ணீரை நாளுக்கு 150 லிட்டர் சூடாக்கினால், 75 கிராம் சுண்ணாம்பு ஹீட்டருக்குள் நுழைகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே தங்கினாலும் வருடத்துக்கு இரண்டே முக்கால் கிலோ.

அது எங்கே படிகிறது என்பதில்தான் பிளாட் பிளேட்டுக்கும் ட்யூப் வகைக்கும் வித்தியாசம். பிளாட் பிளேட்டில் கண்ணாடிக்குக் கீழே அரை அங்குல அளவில் செம்புக் குழாய்கள் ஓடுகின்றன. தண்ணீரைத் தள்ள மோட்டார் இல்லை. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏற, குளிர்ந்தது கீழே இறங்குகிறது, அவ்வளவுதான் விசை. அந்த மெல்லிய ஓட்டத்துக்குச் சிறு படிவமே பெரிய தடை. ஓட்டம் குறைந்தால் குழாயில் தங்கும் தண்ணீர் இன்னும் கொதிக்கும், கொதித்தால் இன்னும் படியும். ட்யூப் வகையில் தண்ணீர் கண்ணாடிக் குழல்களுக்குள்ளேயே சூடாகிறது, வழி அகலம். சுண்ணாம்பு வெள்ளை மாவாக ட்யூப்பின் அடியில் போய் உட்காரும், ட்யூப்பை உருவிக் கழுவ முடியும்.

பாலக்கோடு பக்கத்து வீடொன்றில் போர் தண்ணீருக்கு நேராக 200 லிட்டர் பிளாட் பிளேட் மாட்டினார்கள். முதல் மார்கழி பிரமாதம். இரண்டாவது மார்கழியில் வெதுவெதுப்பு. மூன்றாவதில் பச்சைத் தண்ணீர். பிளம்பர் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றி அலசினார். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எவர்சில்வர் தொட்டியின் வெல்டிங் ஓரத்தை அது அரித்து, சில வாரத்தில் ஊசித்துளை விழுந்து இன்சுலேஷன் ஊறிப்போனது. வெயில் வாங்கும் பிளேட்டை அறுத்துப் பார்த்தபோது செம்புக் குழாய்களுக்குள் சாக்பீஸ் திணித்த மாதிரி இருந்தது. கடைசியில் செம்பை எடைக்குப் போட்டார்கள். தண்ணீர்ப் பரிசோதனைக்கு ஆகும் தொகையை ஹீட்டர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏன் எரிச்சல் வருகிறது என்று புரியும்.

அனுபவத்தில் நிற்கும் கணக்கு இது. தற்காலிகக் கடினத்தன்மை 150-க்குள் என்றால் பிளாட் பிளேட் தாராளமாகப் போடலாம். 150 முதல் 300 வரை ட்யூப் வகை, வருடம் ஒருமுறை கழுவ வேண்டும். 300-ஐத் தாண்டினால் எந்த ஹீட்டருக்கும் அந்தத் தண்ணீரை நேராக விடாதீர்கள். குளோரைடு 250-க்கு மேல் இருந்தால் சாதாரண 304 ரக எவர்சில்வர் தொட்டி வேண்டாம். உள்ளே கண்ணாடிப் பூச்சும் மெக்னீசியம் கம்பியும் உள்ள தொட்டி கேளுங்கள். தொட்டி அரிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாக அந்தக் கம்பி கரையும். வருடம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

300-க்கு மேல் என்ன செய்வது? ஹீட்டருக்குப் போகும் குழாயில் மட்டும், கடினத்தன்மையை எடுக்கும் ரெசின் சாஃப்ட்னர் போடலாம். முழு வீட்டுக்கும் தேவையில்லை. அதைக் குறித்த நாளில் உப்புக் கரைசல் விட்டு மீட்டெடுக்க வேண்டும், மறந்தால் வெறும் டப்பாதான். சாஃப்ட்னர் வைத்த பிறகும் டிடிஎஸ் மீட்டர் அதே எண்ணைத்தான் காட்டும், கால்சியத்துக்குப் பதில் சோடியம் வருவதால். “மிஷின் வேலை செய்யல” என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். குழாய்க்கு வெளியே மாட்டும் காந்தப் பட்டைகளை நம்பி ஹீட்டர் வாங்க வேண்டாம்.

இன்னொரு வழி, தண்ணீரையே மாற்றுவது. 2013-ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர் பெரும்பாலான போர்களைவிட மென்மையானது. ஆனால் அதைப் போர் தண்ணீரோடு ஒரே சம்பில் கலந்துவிட்டால் பயனில்லை. ஹீட்டருக்கென்று 500 லிட்டர் தனித் தொட்டி வையுங்கள். குடிக்கவே முறை வைத்து வரும் தெருவில் இதைச் செய்யக் கூடாது. அங்கே மழைத் தண்ணீர் இருக்கிறது. ஆயிரம் சதுர அடித் தளத்தில் 10 மி.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. முதல் மழையை வெளியே விட்டு, வடிகட்டிப் பிடித்தால் ஹீட்டருக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

கழுவுவதில் அவசரம்

வெயில் ஏறுவதற்கு முன் தொடங்குங்கள். வால்வை மூடித் தண்ணீரை வடித்துவிட்டு, ட்யூப்களை ஒவ்வொன்றாகச் சுழற்றியபடி உருவுங்கள். 58 மி.மீ. விட்டம், 1,800 மி.மீ. நீளம் உள்ள ட்யூப்பில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 50 கிராம் வீதம் 125 கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு, கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். நுரை அடங்கியதும் மென்மையான பிரஷ், பிறகு நல்ல தண்ணீர். திரும்பச் செருகும்போது ரப்பர் வாஷரில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வெடித்த வாஷரைப் புதிதாக மாற்றாமல் செருகினால் மறுநாள் தளம் நனைந்திருக்கும்.

அந்த வெந்நீரில் சோறு வடிப்பது

கேஸ் மிச்சமாகும் என்று செய்கிறார்கள். இரண்டு மாவட்டத்திலும் பல போர்களில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் திட்டமே அதற்காக வந்தது. சூடாக்கினால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றினால் செறிவு கூடும். போர் தண்ணீர் ஓடும் ஹீட்டர் குளிக்கவும் துவைக்கவும் மட்டும்.

பெரிதாக வாங்கினால் நல்லது என்ற எண்ணம்

20 லிட்டர் பக்கெட்டில் குளிக்கிற சூட்டுக்கு, 60 பாகை வெந்நீர் பாதி, குழாய்த் தண்ணீர் பாதி போதும். ஆளுக்கு இரண்டு பக்கெட் என்றால் 20 லிட்டர் வெந்நீர். நான்கு பேருக்கு 80, பாத்திரம் கழுவக் கொஞ்சம், ஆக 100 லிட்டர் தர்மபுரியில் தாராளம். 3,000 அடி உயரத்தை ஒட்டியிருக்கும் ஓசூர், தளி பக்கம் மார்கழித் தண்ணீர் சில்லென்று இருக்கும், அங்கே 150 எடுங்கள். நான்கு பேருக்கு 300 லிட்டர் போட்டால் சித்திரையில் எடுக்க ஆளில்லாமல் தொட்டி கொதித்து ஆவி விடும், சுண்ணாம்பும் வேகமாகப் படியும்.

உயரம் பார்க்காத தொட்டி

பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம் ஹீட்டர் தொட்டியின் உச்சியைவிடக் குறைந்தது ஒன்றிரண்டு அடி மேலே இருக்க வேண்டும். ட்யூப் வகையின் தொட்டி ஸ்டாண்டோடு ஐந்தாறு அடி வந்துவிடும். ஆகவே சின்டெக்ஸ் மேடை ஏழு அடிக்குக் குறையக் கூடாது. வீடு கட்டும்போதே கொத்தனாரிடம் சொல்லிவிட்டால் செங்கல்லோடு முடிந்துவிடும். பிறகு என்றால் இரும்பு ஸ்டாண்டு, வெல்டிங், தளத்தில் ஓட்டை.

ஹீட்டர் தொட்டியின் காற்றுக்குழாயை மறந்துவிடாதீர்கள். அதன் நுனி சின்டெக்ஸின் நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். அதை மூடினால் தண்ணீர் எடுக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி மெல்லிய தொட்டி சப்பிப் போகும். ஷவருக்குப் பிரஷர் பம்ப் வைப்பதாக இருந்தால், சாதாரண ட்யூப் ஹீட்டர் அந்த அழுத்தத்தைத் தாங்காது. பிரஷர் வகைதான் வேண்டும்.

நீளக் குழாய்

மாடியிலிருந்து கீழ் பாத்ரூமுக்கு 15 மீட்டர் முக்கால் அங்குல சிபிவிசி போனால், நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீர் வந்த பிறகுதான் வெந்நீர் வரும். ஒரு அங்குலக் குழாய் என்றால் ஆறு லிட்டருக்கு மேல். காலையில் நான்கு பேர் இடைவெளி விட்டுக் குளித்தால் அத்தனை முறையும் வீண். குழாய் சிறிதாகவும் நேராகவும் வரட்டும், வெளியே போகும் பகுதிக்கு ஃபோம் உறை போட்டு அலுமினிய டேப் சுற்றுங்கள். டேப் இல்லாத ஃபோம் நம்மூர் வெயிலில் பொடிந்துவிடும். சாதாரண பிவிசி குழாய் வெந்நீருக்கு ஆகாது, இளகி ஜாயின்ட் விடும்.

சித்திரை வெயிலைப் பார்த்து இடம் குறிப்பது

வெந்நீர் வேண்டியது மார்கழியில். அப்போது உச்சி வெயிலே 54 பாகை உயரத்தில், தெற்கே சாய்ந்து நிற்கும். தெற்குப் பக்கத்து மாடிப்படி அறை, காலை ஒன்பது மணிக்கு எங்கே நிழல் விடுகிறது என்று டிசம்பரில் பார்த்துக் குறியுங்கள். முகம் தெற்கே, சாய்வு 25 பாகை அளவு.

இரவு முழுக்க ஓடும் காயில்

மேகமூட்ட நாளுக்கென்று தொட்டிக்குள் 2 கிலோவாட் காயில் வைப்பார்கள். அதை ஆனிலேயே விட்டுவிட்டால், மாலையில் குளித்து முடித்ததும் நிரம்பும் பச்சைத் தண்ணீரை இரவோடு இரவாக மின்சாரம் சூடாக்கும். விடிந்தால் சூரியனுக்கு வேலையே இல்லை. 200 லிட்டரை 20-லிருந்து 60 பாகைக்கு ஏற்ற ஒன்பது யூனிட்டுக்கு மேல் செலவாகும். தினமும் நடந்தால் இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 550 யூனிட் அதற்கே போய்விடும். 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளின் விலையும் ஏறும் என்பது தெரிந்ததுதான். சுவிட்சை மாடியில் வைக்காமல் ஹாலில் விளக்கோடு வையுங்கள். வெயில் வராத நாளில் மட்டும், விடியற்காலை ஒன்றரை மணி நேரம் போதும்.

ஹீட் பம்பை அறைக்குள் பூட்டுவது

மாடி உரிமை இல்லாத அடுக்குமாடி வீட்டுக்கு ஹீட் பம்ப் நல்ல வழி. காற்றிலிருந்து சூட்டை இழுப்பதால் சாதாரண கீசர் தின்னும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய போதும். ஆனால் மூடிய லாஃப்ட்டில் வைத்தால் தான் குளிர வைத்த காற்றையே திரும்ப உறிஞ்சும், மிச்சம் போய்விடும். திறந்த பால்கனியில், நீர் சொட்ட ஒரு வடிகுழாயோடு வையுங்கள். சுண்ணாம்புக் கணக்கு இதற்கும் உண்டு.

மானியம் வரும் என்று காத்திருப்பது

சோலார் வாட்டர் ஹீட்டருக்கான மத்திய மானியம் 2014-லேயே நின்றது. பி.எம். சூர்ய கர் மானியம் மின்சாரம் தரும் பேனலுக்கு.

குரங்கு

ஊரில் குரங்கு உண்டென்றால் ட்யூப்புக்கு மேல் அகலக் கண்ணி வலை போடுங்கள். ஒரு ட்யூப் உடைந்தாலும் தொட்டி காலி.

நண்பகலில் தண்ணீர் விடுவது

வெயிலில் காய்ந்த வெற்று ட்யூப்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் கண்ணாடி வெடிக்கும். மதியம் மாட்டி முடித்தால் சாக்கு போட்டு மூடிவிட்டு, மறுநாள் விடிவதற்குள் நிரப்புங்கள்.