பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிகளில் கனூவில் சென்று மீன்பிடித்தல்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளைக் கொண்ட பவுண்டரி வாட்டர்ஸ் வனப்பகுதிக்குச் செல்பவர், தூண்டிலுக்கு முன் தம் தோளைப் பற்றி யோசிக்க வேண்டும். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் கனூ என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துச் சுமந்து நடக்க வேண்டியிருப்பதால், 30 கிலோவைத் தாண்டும் அலுமினியக் கனூவைவிட, கெவ்லார் என்னும் செயற்கை இழையாலான, 20 கிலோ அளவிலான கனூவை வாடகைக்கு எடுப்பதே நல்லது; ஆனால் அது பாறையில் உரசினால் சேதமடையும் என்பதால், கரையில் முட்டும் முன்பே நீரில் இறங்கிவிட வேண்டும். இவ்வாறு சுமந்து நடக்கும் பாதைகளின் நீளம் 'ராடு' என்னும் 16.5 அடி அளவில் குறிக்கப்படுகிறது. அது ஏறத்தாழ ஒரு கனூவின் நீளமே.

மே முதல் செப்டம்பர் வரை இரவு தங்குவதற்கான அனுமதிச் சீட்டை முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். மீன்பிடி உரிமம் தனி. ஒரு குழுவில் 9 பேருக்கும் 4 படகுகளுக்கும் மேல் கூடாது.

இரண்டாகப் பிரிக்கக்கூடிய தூண்டில் கம்பும், தூண்டில் நரம்பைச் சுற்றும் சுழல் உருளையும், எடை பொருத்திய சில ஜிக் கொக்கிகளும் வால்ஐ (walleye) என்னும் நன்னீர் மீனுக்குப் போதும். நார்தர்ன் பைக் மீனின் பற்கள் தூண்டில் நரம்பை அறுத்துவிடும் என்பதால், கொக்கிக்கு முன் மெல்லிய எஃகுக் கம்பியை இணைத்து, கொக்கியைக் கழற்ற நீள்மூக்குக் குறடையும் வைத்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கு அடியில் வைக்காமல் அணிந்தே துடுப்பு போடுங்கள். மே மாதத்து நீர் உடலை விறைக்கச் செய்யும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும்.