பிபிஎஃப் ஒட்டப் போகிறீர்களா? ரோலைப் பாருங்கள், ஒட்டும் கையையும் பாருங்கள்

திண்டிவனம் தாண்டி, ஜல்லி ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரின் பானட்டில் சுண்டல் அளவு கல் ஒன்று தெறித்தால் போதும், கடுகளவு புள்ளி விழுந்துவிடும். ஃபேக்டரி பெயின்ட் முழுவதும் சேர்ந்தே சுமார் 100 முதல் 140 மைக்ரான் தடிமன்தான், ஏறக்குறைய ஒரு வெள்ளைத் தாள் கனம். அதில் மேலே பளபளக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். கல் அதைத் துளைத்துத் தகரம் வரை போய்விட்டால் எந்தப் பாலிஷும் அதை நிரப்பாது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் குடியிருந்தால், உப்புக் காற்றில் அந்தப் புள்ளி சீக்கிரமே துருப்பிடிக்கும்.

இதைத் தடுக்கத்தான் பிபிஎஃப், அதாவது பெயின்ட்டின் மேல் ஒட்டும் பெயின்ட் புரொடெக்ஷன் ஃபிலிம் என்ற பாதுகாப்புப் படலம். மணல் அரிக்காமல் இருக்க ஹெலிகாப்டர் விசிறி இறக்கைகளின் முன்விளிம்பில் ஒட்டிய பாலியுரேத்தேன் டேப்தான் இதற்கு மூதாதை. செராமிக் கோட்டிங்கை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஓரிரு மைக்ரான் தடிமன்தான் இருக்கும். தண்ணீர் உருண்டு ஓடும், கழுவுவது எளிது, பளபளப்பு கூடும். கல்லடியை அது தாங்காது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி விற்கும் கடையில் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

எங்கே ஒட்டுவது

முழு வண்டிக்கும் ஒட்டியே ஆக வேண்டும் என்றில்லை. கல் முன்னாலிருந்து வருகிறது. பானட், முன் பம்பர், இரண்டு ஃபெண்டர், சைடு மிரர், ஹெட்லைட், கண்ணாடிக்கு இருபுறமும் உள்ள தூண்கள், கூரையின் முன்விளிம்பு ஆகியவைதான் முதல் அடி வாங்கும் இடங்கள். அடுத்தது, சக்கரங்களுக்குப் பின்னால் கதவுக்குக் கீழே ஓடும் பட்டை. நம் டயரே அங்கே கல்லை வாரி இறைக்கும். கதவுக் கைப்பிடிக் குழிவில் நகக் கீறல் விழும், டிக்கியின் வாசல் விளிம்பில் பெட்டி உரசும். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் வண்டிக்குக் கையில் உள்ள காசில் இந்த இடங்களை நல்ல ஃபிலிமால் மூடுவதே சரி. அதே காசில் முழு வண்டிக்கும் மட்டமான ஃபிலிமை ஒட்டினால் இரண்டு வருடத்தில் உரிக்க வேண்டி வரும்.

பானட்டில் மட்டும் பாதி வரை ஒட்டச் சம்மதிக்காதீர்கள். குறுக்கே ஓடும் அந்த விளிம்பில் அழுக்கு சேர்ந்து கோடு தெரியும்; வருடம் போகப் போக மூடிய பக்கமும் மூடாத பக்கமும் வேறு வேறு நிறமாகத் தோன்றும். பானட் என்றால் முழு பானட்.

நகர நெரிசலிலேயே ஓடும் வண்டிக்குக் கணக்கு மாறும். அங்கே பைக் ஹேண்டிலும் பக்கத்து வண்டியின் கதவும்தான் எதிரி. கதவுகளும் பின் பம்பரும் முன்னுரிமை பெறும்.

பொருள் என்ன என்று கேளுங்கள்

சந்தையில் மூன்று பெயர் காதில் விழும்: பிவிசி, டிபிஎச், டிபியு. பிவிசி விறைப்பான பிளாஸ்டிக். அதை வளைய வைப்பதற்காக ஒரு மென்மையாக்கியைக் கலக்கிறார்கள். வெயிலில் அது மெல்ல வெளியேறிவிட, ஃபிலிம் இறுகி, மஞ்சளாகி, விளிம்பில் வெடிக்கும். உரிக்கும்போது துண்டு துண்டாக வரும். பசை பெயின்ட்டிலேயே தங்கிவிடும். டிபிஎச் என்ற பெயரில் விற்பதில் பெரும்பாலானவை பிவிசி வகையின் மேம்பட்ட வடிவம்தான். இரண்டும் வேண்டாம். டிபியு என்ற தெர்மோபிளாஸ்டிக் பாலியுரேத்தேனை மட்டும் எடுங்கள்.

டிபியுவிலும் இரண்டு ரகம் உண்டு. அரோமாட்டிக் டிபியு விலை குறைவு, ஆனால் அதன் வேதிக் கட்டமைப்பே புற ஊதாக் கதிரில் மஞ்சளாகும் இயல்புடையது. அலிபாட்டிக் டிபியு அப்படி எளிதில் நிறம் மாறாது. கடையில் கேட்க வேண்டிய கேள்வி: “இது அலிபாட்டிக்கா? டேட்டா ஷீட் இருக்கா?” பதில் சொல்லத் திணறினால் அடுத்த கடைக்குப் போங்கள். வெள்ளை வண்டிக்காரர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும், லேசான மஞ்சள்கூட வெள்ளையில்தான் முதலில் தெரியும். ஃபிலிம் நல்லதாக இருந்து பசை மட்டமாக இருந்தாலும் மஞ்சளாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பளபளப்பில்லாத மேட் பெயின்ட் வண்டிக்கு மேட் ஃபிலிம்தான். பளபளப்பு ரக ஃபிலிம் ஒட்டினால் வண்டியே பளபளப்பாகிவிடும். மேட் பெயின்ட்டில் விழுந்த கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது, பாலிஷ் போட்ட இடம் மினுங்கும். ஆகவே அந்த வண்டிகளுக்குத்தான் பிபிஎஃப் அதிகம் தேவை.

தடிமன் கணக்கில் ஒரு சூட்சுமம்

“எட்டு மில் சார், பத்து மில் சார்” என்பார்கள். ஒரு மில் என்றால் 25.4 மைக்ரான். நல்ல ஃபிலிம்கள் பெரும்பாலும் 6 முதல் 8 மில், அதாவது 150 முதல் 200 மைக்ரானுக்குள் இருக்கும். ஒரு ரோலில் மேலே ஒரு பாதுகாப்புத் தாளும் அடியில் லைனரும் உண்டு, இரண்டும் ஒட்டும்போது உரித்து எறியப்படுபவை. சிலர் அவற்றையும் சேர்த்து அளந்து பெரிய எண்ணைச் சொல்கிறார்கள். துண்டு வாங்கி, இரண்டு தாள்களையும் உரித்துவிட்டு, மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். மேல்பூச்சு, டிபியு, பசை மூன்றும் சேர்ந்து வரும் எண்தான் கணக்கு.

அதிகத் தடிமன் எப்போதும் நல்லதும் இல்லை. தடித்த ஃபிலிம் பம்பர் வளைவிலும் மிரர் முனையிலும் படியாமல் எழும்பி நிற்கும், சில நாளில் விளிம்பு தூக்கும். அன்றாட வண்டிக்கு ஏழு, எட்டு மில்லுக்கு மேல் போக வேண்டியதில்லை.

துண்டைக் கையில் வாங்கிச் செய்ய வேண்டியவை

உள்ளங்கை அளவு துண்டு கேட்டு வாங்குங்கள். முதலில் முகர்ந்து பாருங்கள்: புது ரெக்ஸின் சீட் போல வாடை தூக்கலாக அடித்தால் பிவிசி என்று சந்தேகிக்கலாம். டிபியுவில் வாடை மிகக் குறைவு. அடுத்து, விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி மெல்ல இழுங்கள். டிபியு ரப்பர் போல நீண்டு, விட்டதும் பெருமளவு பழைய அளவுக்குத் திரும்பும். பிவிசி இழுத்த இடத்திலேயே தொளதொளவென்று நிற்கும், சில நேரம் வெளுக்கும். லைட்டரில் கொளுத்திக் காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிவிசி எரிந்தால் அமிலப் புகை வரும்.

பிறகு கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு தகட்டில் ஒட்டச் சொல்லி, டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் பிம்பம் நேர்கோடாக விழ வேண்டும். கோடு நெளிந்து ஆரஞ்சுத் தோல் போலத் தெரிந்தால், அதே நெளிவு உங்கள் பானட் முழுக்க வரும். ஒட்டிய துண்டை ஒரு நாள் கழித்து உரியுங்கள். அடியில் பசைப் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது.

பித்தளை பிரஷால் தேய்த்து, சூடான தண்ணீர் ஊற்றி, கீறல் மறைவதைக் காட்டுவார்கள். அது உண்மையிலேயே மறையும், கண்ணுக்கும் குளிர்ச்சி. ஆனால் அந்தச் சோதனை மேல்பூச்சைப் பற்றி மட்டுமே சொல்கிறது. மூன்று வருட வெயிலில் மஞ்சளாகுமா, பசை தாங்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. துணியால் வரும் மெல்லிய சுழல் கீறல்தான் இப்படித் தானே ஆறும். மேல்பூச்சைத் தாண்டி வெட்டிய கீறல் ஆறாது.

ரோலும் வாரன்டியும்

எக்ஸ்பெல், த்ரீஎம், ஸ்டெக், ஈஸ்ட்மேன் நிறுவனத்தின் லுமார், சன்டெக், இந்தியாவிலேயே தயாரிக்கும் கார்வேர் என்று நம்பிக்கையான பெயர்கள் பல உண்டு. ஆனால் பிராண்ட் பெயர் மட்டும் போதாது. ஒரே பிராண்டில் வெவ்வேறு சீரிஸ், வெவ்வேறு வருட வாரன்டி இருக்கும். எந்த சீரிஸ் என்பது பில்லில் எழுதப்பட வேண்டும்.

ரோல் பெரும்பாலும் 1.52 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம் வரும். ஒரு செடானுக்கு முழுசாக ஒட்ட ஏறக்குறைய ஒரு ரோல் தீர்ந்துவிடும். பெரிய எஸ்யுவிக்கு அதுவும் போதாமல் போகலாம். ஒரே ரோலில் இரண்டு கார் முடித்துவிடுவோம் என்று ஒரு கடை சொன்னால், எங்கெங்கே துண்டு போட்டு இணைப்பார்கள் என்று கேளுங்கள். ரோல் பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி, அதன் சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதே எண்ணும் வண்டி எண்ணும் பிராண்டின் வாரன்டிப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். கடை அச்சடித்துத் தரும் அட்டை மட்டும் இருந்தால், அந்தக் கடை மூடும் நாளில் வாரன்டியும் போய்விடும்.

வாரன்டி வழக்கமாக மஞ்சளாதல், வெடிப்பு, கொப்புளம், அடுக்குப் பிரிதல் ஆகியவற்றுக்குத்தான். கல்லடியில் கிழிந்தால் வராது. உரித்து மறுபடி ஒட்டும் கூலியும் அதில் அடங்குமா என்று முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள், சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான்.

கை நன்றாக இருக்க வேண்டும்

நல்ல ரோல் மோசமான கையில் சிக்கினால் மட்ட ரோலைவிட அதிகச் சேதம் வரும். காரணம் பிளேடு. ஃபிலிமை வண்டி மேலேயே வைத்து வெட்டும்போது அழுத்தம் கொஞ்சம் கூடினால் கிளியர் கோட்டும் சேர்ந்து வெட்டுப்படும். அன்று தெரியாது, வருடங்கள் கழித்து உரிக்கும்போதுதான் பானட் ஓரத்தில் கோடு கோடாகத் தெரியும். உங்கள் மாடலுக்கான அளவை சாஃப்ட்வேரில் எடுத்து, பிளாட்டர் என்ற வெட்டும் இயந்திரத்தில் முன்கூட்டியே வெட்டும் கடைக்கு முன்னுரிமை கொடுங்கள். விளிம்பை உள்பக்கம் மடித்து ஒட்டுவார்களா, விளிம்புக்கு முன்பே நிறுத்துவார்களா என்றும் கேளுங்கள். மடித்தால் கோடு தெரியாது, ஓரம் தூக்கும் வாய்ப்பும் குறையும். அதற்காக விளக்கையும் கைப்பிடியையும் கழற்றுவார்களானால், கிளிப் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். பார்க்கிங் சென்சாரின் மேல் ஃபிலிம் படக் கூடாது, சுற்றி வெட்டிவிட வேண்டும்.

நேரில் போய் இடத்தைப் பாருங்கள். தெருவைப் பார்த்த திறந்த ஷெட்டில் ஒட்டினால், ஃபிலிமுக்கு அடியில் தூசி உட்காருவதை எவராலும் தடுக்க முடியாது. மூடிய அறை, நல்ல வெளிச்சம், கழுவித் துடைத்த தரை வேண்டும். முழு வண்டிக்கு மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஒரே நாளில் தருகிறேன் என்பவர் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டியைத் தேய்த்து, பாலிஷ் போடும் வேலையைத் தாண்டிப் போகிறார் என்று பொருள். கறுப்பு நிறத்தில் அந்தக் கடை ஒட்டி ஒரு வருடம் ஆன வண்டியை, முக்கியமாகப் பம்பர் மூலையைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக ஒட்டிய வண்டி எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

ஒட்டுவதற்கு முன்

புது வண்டி என்றால் ஷோரூமில் கோட்டிங், வேக்ஸ் எதுவும் போட வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். அதன்மேல் பசை பிடிக்காது. டெலிவரி எடுத்த முதல் வாரத்திலேயே ஒட்டிவிடுவது நல்லது. ஓடிய வண்டி என்றால், கழுவி, இரும்புத் துகள் நீக்கி, களிமண் தேய்த்து, பாலிஷ் போட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுத்த பிறகே ஒட்ட வேண்டும். அடியில் இருக்கும் கீறல் ஃபிலிமோடு சேர்ந்து பூட்டப்பட்டுவிடும்.

மறுபெயின்ட் அடித்த பகுதி ஏதாவது இருக்கிறதா என்று பெயின்ட் தடிமன் அளவியால் பார்க்கச் சொல்லுங்கள். தகரப் பகுதியில் 200 மைக்ரானைத் தாண்டினால் பட்டறைக்குப் போய் வந்த அடையாளம். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண அளவி வேலை செய்யாது. பட்டறையில் புதிதாக அடித்த பெயின்ட் ஆவியை வெளியேற்றி இறுக, குறைந்தது ஒரு மாதமாவது காத்திருங்கள். அப்படியும், பிற்காலத்தில் ஃபிலிமை உரிக்கும்போது பட்டறைப் பெயின்ட் கூடவே பெயர்ந்து வரும் ஆபத்து உண்டு.

வண்டியை எடுக்கும்போதும் அதன் பிறகும்

பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஃபிலிமுக்கு அடியில் மங்கலான நீர்க்குமிழ்கள் இருக்கும், பயம் வேண்டாம். அவை ஓரிரு வாரத்தில் காய்ந்து போகும். ஊசியால் குத்தாதீர்கள். அழுத்தினால் நகர்வது தண்ணீர். நகராமல் புள்ளியாக நிற்பது தூசி, அது எத்தனை நாளானாலும் போகாது. பானட்டின் நடுவே கண்ணில் பளிச்சென்று தெரியும் தூசியும், இழுத்து ஒட்டியதால் வந்த கோடும் இருந்தால் அந்தப் பகுதியை மாற்றித் தரச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. எல்லா விளிம்பையும் விரல் நுனியால் வருடிப் பாருங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி கொண்டுபோய்க் காட்டுங்கள், தூக்கும் விளிம்பு அதற்குள் தூக்கிவிடும். அப்போது படியவைப்பது எளிது.

முதல் ஒரு வாரம் கழுவ வேண்டாம். பிறகு பிஎச் சமநிலையான ஷாம்பூ, மைக்ரோஃபைபர் துணி. பிரஷர் வாஷரை இரண்டடிக்கு அப்பால் பிடியுங்கள், விளிம்புக்கு நேராக அடிக்காதீர்கள். காக்கை எச்சத்தையும் பூச்சிக் கறையையும் அன்றன்றே நனைத்து எடுத்துவிடுங்கள், மேல்பூச்சை அவை அரிக்கும். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்பு வட்டங்கள் படியும். நிழலில் கழுவி உடனே துடையுங்கள். பெட்ரோல், தின்னர் எதையும் அதன்மேல் தொடவிடாதீர்கள். விளிம்பில் பொருக்குப் போல வெடிப்போ மஞ்சளோ தெரியத் தொடங்கினால், இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று தள்ளிப் போடாமல், சூடுகாட்டித் தாழ்வான கோணத்தில் இழுத்து உரிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு கோடையிலும் பசை பெயின்ட்டை இன்னும் இறுகப் பற்றிக்கொள்ளும்.